மருந்தை நிறுத்தாதே, மயங்கியதை மறைக்காதே

அன்பு மகளே, என் திருகாணியே,

நானும் அப்பாவும் இங்கு நலம். நீ அங்கு நலமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பேன், நீயும் நலம் என்றே எழுதுவாய், அத்தோடு அந்த வரி முடிந்துவிடும். இம்முறை விடை வேண்டிக் கேட்கிறேன். தொலைபேசியை நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் அம்மா வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். தாளில் எழுதினால் குறுக்கே பேச உனக்கு வழியில்லை அல்லவா, அதனால்தான் இந்தத் தாள். அப்பா ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து இன்றே உன் கைபேசிக்கு அனுப்புவார். ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சில் இருப்பதை எழுதத் தொடங்கிய பிறகு அது மறந்துபோகும். பின்கதவு தரையில் உரசுகிறது என்று அப்பா தாமே இழைத்துச் சரிசெய்தார், இப்போது அது அழகாக மூடுகிறது, திறக்கத்தான் மறுக்கிறது. என்ன இது என்று கேட்டால், திறக்கலன்னா என்ன, திருடனும் வர முடியாதுல்ல என்கிறார். எனக்கு அடுத்தடுத்துச் சொற்பொழிவுக் கூட்டங்கள், தொண்டை கட்டிக்கொண்டது, அதிலும் அவருக்கு மகிழ்ச்சி, ஒரு வாரமா வீடு எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா என்று மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். நீ இருந்திருந்தால் அவரோடு சேர்ந்து சிரித்திருப்பாய். மின்தூக்கி என்று நான் சொல்லும்போதெல்லாம், ஏம்மா, லிஃப்ட்டுன்னு சொன்னா நாக்கு சுட்டுடுமா என்று கேட்பவள் நீதானே. அந்தக் குரலைக் கேட்டு நாளாயிற்று.

இப்போது செய்திக்கு வருகிறேன். உனக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் தம்பி என்னை அழைத்தான். அம்மா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, அக்கா என்னைக் கொன்னே போட்டுடும் என்றுதான் தொடங்கினான். அவன் சொன்னான் என்று இதோ எழுதிவிட்டேன், அவன்மேல் சினம் கொள்ளாதே, சினம் வந்தால் முழுவதையும் என் பக்கம் திருப்பு. உயரக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மின்தூக்கிப் பொறி இருக்கும் அறையில், நீ மயங்கி விழுந்து கிடந்தாய் என்றும், உடன் வேலை செய்பவர் வந்து எழுப்பியபோது காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லிச் சமாளித்தாய் என்றும், பிறகு உன் வீட்டுப் படியிலும் ஒருமுறை கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாய் என்றும் சொன்னான். அதற்குமேல் அவன் சொன்னதுதான் என்னை நாற்காலியில் உட்கார வைத்தது. வலிமாத்திரைப் பழக்கத்திலிருந்து மீள இத்தனை ஆண்டாக நீ நாள்தோறும் குடிக்கும் மெத்தடோன் மருந்து இதயத்தைக் கெடுக்குமாம் என்று எங்கோ படித்தாயாம், வரும் திங்கட்கிழமை முதல் யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிடப் போகிறாயாம், மயங்கியதை மருந்து கொடுக்கும் இடத்தில் வாய்திறக்க மாட்டாயாம், திறந்தால் அளவைக் குறைத்துவிடுவார்கள், வேலையிலும் மேலே ஏற விடமாட்டார்கள் என்றாயாம்.

மகளே, நான் ஒரு பொருளைப் பற்றி மேடையில் பேசுமுன் அதைத் தெரிந்தவரைத் தேடிப்போய்க் கேட்டுக்கொண்டுதான் பேசுவேன், அது உனக்குத் தெரியும். உன்னிடம் பேச மட்டும் தெரியாமல் வருவேனா? இதய மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். உன் பெயர் வெளியில் வரக்கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறாயே, அதனால் என் தோழி ஒருத்தியின் மகள் என்று சொன்னேன். அந்த மருத்துவர் அம்மா என்னைவிட இருபது வயது இளையவர் இருப்பார், கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சரிம்மா, அந்தத் தோழிகிட்ட சொல்லுங்க, மொதல்ல உக்காந்து கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும் என்றார். குடித்தேன்.

பிறகு ஒரு தாளில் மலைமுகடுபோல் கோடு வரைந்து காட்டினார். இதயம் ஒருமுறை துடித்ததும் அடுத்த துடிப்புக்கு மின்னூட்டம் சேர்த்துக்கொள்ளச் சிறிது இடைவெளி எடுத்துக்கொள்கிறதாம். சொற்பொழிவில் ஒரு நீண்ட தொடரை முடித்ததும் நான் மூச்செடுப்பேனே, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். நீ குடிக்கும் மருந்து சிலருக்கு அந்த இடைவெளியை நீட்டிவிடுகிறதாம். மூச்செடுத்து முடிக்குமுன் அடுத்த சொல் முண்டியடித்துக்கொண்டு வந்தால் பேச்சு எப்படிக் குழறும், அப்படித் துடிப்பு குழறும், அந்த நேரத்தில் மூளைக்குக் குருதி போகாது, ஆள் விழுந்துவிடுவார். பெரும்பாலும் தானே சீராகிவிடும், சில வேளை சீராகாது. அந்தக் கடைசிச் சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். இடைவெளி நீண்டவர் எல்லாரும் விழுவதில்லை, அந்த மருந்தைக் குடிக்கும் பெரும்பாலானோர் நன்றாகவே இருக்கிறார்கள், ஆனால் விழுந்த ஒருவர் அதை மறைக்கக்கூடாது, மயக்கந்தாம்மா மணியடிக்கிறது, அதைக் கேக்காத மாதிரி இருக்கக்கூடாது என்றார்.

அடுத்து இரண்டு கேள்வி கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்பது முதல் கேள்வி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கு இருமல் என்று கேட்டு மாமா தம் மருந்துக்கடையிலிருந்து, அங்கே பயணம் வந்தவர் கையில் மாத்திரை கொடுத்தனுப்பினாரே! அவருக்கு நீ குருதி ஊறுவதற்கு மருந்து குடிக்கிறாய் என்றுதானே நம் வீடே சொல்லி வைத்திருக்கிறது? அங்கேயே அவரை அழைத்து மாத்திரையின் பெயரைக் கேட்டேன். மருத்துவர் கேட்டுத் தலையை ஆட்டினார், இருமலுக்கான அந்த நுண்ணுயிர்க்கொல்லியும் அதே இடைவெளியை நீட்டுவதாம், போதாததற்கு மெத்தடோனை உடம்பில் கரையவிடாமல் தேக்கியும் வைக்குமாம். நீ விழுந்தது அதைச் சாப்பிட்ட வாரத்தில்தான் என்று தம்பி சொல்கிறான். ஏன்க்கா கேக்குற, ஏன்க்கா கேக்குற என்று மாமா மறுமுனையில் துடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன். ஆம், உனக்குத் தந்த வாக்கை மீறி முழுவதையும் சொல்லிவிட்டேன், மின்தூக்கியைப் பழுதுபார்க்கையில் நீ அதன் குழியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதையும், வலிக்குக் கொடுத்த மாத்திரை உன்னைப் பிடித்துக்கொண்டதையும், அதிலிருந்து இந்த மருந்துதான் உன்னை மீட்டது என்பதையும். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மாமா என்ன சொன்னார் தெரியுமா? இழிவாகப் பேசுவார் என்றுதானே நீ அஞ்சினாய்? அந்த ரெண்டு மருந்தும் ஒரே வயித்துக்குள்ள போகலாமாக்கா, சொல்லியிருந்தா நான் அந்த டப்பாவைத் தொட்டிருப்பேனா என்று அழுதார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எங்கிட்ட பாதி ஊரு ஆயுசு முழுக்க மாத்திரை வாங்குது, சர்க்கரைக்கு வாங்குறான், பிரஷருக்கு வாங்குறான், எவன் வெக்கப்படுறான், எம்மருமக மட்டும் ஏன் ஒளிச்சு வெச்சுக் குடிக்கணும் என்று என்மேலேயே பாய்ந்தார். என் வாழ்வில் ஒருவர் என்னை எதிர்த்துப் பேசி நான் மகிழ்ந்தது அன்றுதான்.

இரண்டாம் கேள்வி, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் உண்டா என்பது. உண்டு. உனக்கு ஒரு சித்தி இருந்தாள், என் தங்கை, நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள், காய்ச்சலில் போனாள் என்றுதான் உனக்குச் சொல்லப்பட்டது. காய்ச்சல் இல்லை, கண்ணே. காலையில் எழுப்புமணி அடித்தது, அதை நிறுத்த எழுந்தாள், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே விழுந்தாள், அவ்வளவுதான். அதற்கு முன்பும் பள்ளியில் இரண்டு முறை மயங்கியிருக்கிறாள், வலுவில்லாத பிள்ளை என்று சொல்லிப் பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். இதைச் சொன்னதும் மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அதனாலதான்னு இப்ப யாரும் சொல்ல முடியாதும்மா, ஆனா அங்க இருக்குற டாக்டருக்கு இது தெரிஞ்சே ஆகணும் என்றார். பிறப்பிலேயே அந்த இடைவெளி நீண்ட குடும்பங்கள் உண்டாம்.

அப்படியென்றால் மருந்தை நிறுத்திவிடலாமே என்று உன் சார்பில் நானே வாதாடினேன், கூட்டத்தில்கூட அவ்வளவு சூடாகப் பேசியிருக்க மாட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானா நிறுத்தறதுதாம்மா எல்லாத்தையும்விடப் பெரிய பள்ளம் என்றார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு படும் பாடு உனக்கே தெரியும், அதற்குமேல் பழைய பசி திரும்பும், அந்தப் பசியில் பழைய அளவை எடுத்தால் அதைத் தாங்கும் பழக்கம் உடம்பை விட்டுப் போயிருக்கும், மூச்சு நின்றுவிடும். மருந்து குடித்துக்கொண்டிருக்கையில் இறப்பவர்களைக் காட்டிலும் அதை நிறுத்திவிட்டு இறப்பவர்களே மிகுதியாம். ஆனால் நீ போய்ச் சொன்னால் அவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: இதய மின்வரைவு எடுப்பார்கள், குருதியில் உப்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருமல் மாத்திரையை நிறுத்துவார்கள், தேவையானால் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள், அதுவும் போதாவிட்டால் இதயத்தை அவ்வளவாகத் தொடாத வேறு மருந்துக்கு மெல்ல மாற்றுவார்கள். இவற்றில் ஒன்றுகூட உன்னைத் தெருவில் விடுவது அல்ல.

போன கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர், மருந்து என்ற பெயரில் ஒரு போதையை விட்டு இன்னொரு போதை என்று நையாண்டி செய்தார், கூட்டமும் சிரித்தது. என் முறை வந்ததும் எழுதி வைத்த உரையை மடித்துவிட்டுக் கேட்டேன்: ஊன்றுகோல் பிடித்து நடப்பவனைப் பார்த்துக் காலை விட்டுக் கோலைப் பிடித்தான் என்பீர்களா, நடக்கிறானா இல்லையா, அதைப் பாருங்கள் என்றேன். உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் என் கண்முன் நீதான் நின்றாய். அந்த மருந்துக்கு முன்பு உன்னைப் பார்க்க வந்தபோது, வேலைக் காலணியைக்கூடக் கழற்றாமல் குளியலறைத் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய், நான் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. மருந்து தொடங்கிய பிறகு வந்தபோது மாடிப்படியில் திருப்புளியைச் சுழற்றியபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கினாய். அந்த இரண்டையும் பார்த்த கண் இது. அதனால்தான் கேட்கிறேன், அந்தப் படியை நீயே உடைக்காதே.

வேலை போய்விடும் என்ற உன் அச்சம் வெற்று அச்சம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சில நாள், சில திங்கள், உன்னைக் கீழே பணிமனையில் உட்கார வைப்பார்கள், உனக்கு அது சிறையாக இருக்கும். ஆனால் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை உன்னிடமே கேட்கிறேன். குழிக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் மின்விசையை அணைத்து, அதில் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், இரண்டு நிமிட வேலையானாலும் அதுதான் முறை என்றாய். ஒண்ணும் ஆகாதுன்னு பூட்டுப் போடாம இறங்குறவனை என்ன பண்ணுவ என்று அப்பா கேட்டார். சட்டையைப் புடிச்சு வெளிய இழுப்பேன்பா, அப்புறந்தான் பேச்சு என்றாய். மகளே, நீ பூட்டுப் போடாமல் இறங்கிக்கொண்டிருக்கிறாய். உன் சட்டையைத்தான் பிடித்து இழுக்கிறேன், கிழிந்தால் கிழியட்டும்.

ஆகவே நாளைக்கு மருந்து வாங்கப் போகும்போதே சொல்லிவிடு. விழுந்ததைச் சொல், மாமா அனுப்பிய மாத்திரையைச் சொல், சித்தியைச் சொல். இன்றைக்குரிய மருந்தை வழக்கம்போல் குடி, இருமல் மாத்திரையை மட்டும் இனித் தொடாதே. இடையில் நெஞ்சு படபடத்தாலோ மீண்டும் கண் இருண்டாலோ காத்திருக்காமல் அவசர ஊர்தியை அழை. அவர்கள் பார்த்துச் சொல்லும் வரை குழிக்குள் இறங்காதே, வண்டி ஓட்டாதே. இனி யார் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், அது நானே ஆனாலும், இந்த மருந்தோடு சேருமா என்று கேட்டுவிட்டு வாயில் போடு. தம்பி நாளைக் காலை முதல் தொடர்வண்டியில் உன்னிடம் வருகிறான், கூடவே வருவான், வெளியே உட்கார்ந்திருப்பான், அவனை விரட்டாதே.

அப்பாவிடம் நீங்கள் என்ன எழுதச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நான் எழுத என்ன இருக்கு, நீதான் பேச்சாளி என்று எழுந்து போனார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து நின்றார். அவகிட்ட சொல்லு, எனக்கு மருந்து குடிக்கிற பொண்ணு போதும், சாகுறவரைக்கும் குடிக்கட்டும், செவுத்துல மாட்டுற பொண்ணு எனக்கு வேணாம் என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

நீ நீடு வாழ்க, உன் நெஞ்சு சீராகத் துடிக்க, உன் கையிலுள்ள தொழில் உன்னைவிட்டு அகலாதிருக்க என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மருத்துவரிடம் சொல்லி முடித்ததும், சொல்லிட்டேன்மா என்று ஒரே ஒரு சொல் அனுப்பு. அதுவரை தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா