கல் ஒதுக்கிய வழி

என்னங்க,

வீடு போய்ச் சேர்ந்தீர்களா? என் முட்டி பரவாயில்லை.

வெள்ளிக் கிரகத்தின் ரேடார் படத்தில் கரடான தரை வெளுப்பாகத் தெரியும். எவ்வளவு கரடுக்கு எவ்வளவு வெளுப்பு என்று அறியத்தான், அங்குள்ளது போன்ற இந்த எரிமலைப் பாறையில், கற்களைக் கிடந்தபடியே விட்டு அளக்கிறோம். ஒத்தாசைக்கு வந்த நீங்களோ, கூடாரத்திலிருந்து அளக்கும் இடம்வரை கற்களை ஒதுக்கிவிட்டீர்கள்.

“அறிவிருக்கா? யாரு உங்கள கல்லத் தொடச் சொன்னா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“உனக்கு ஆபரேஷன் பண்ண முட்டியாச்சே...” என்றீர்கள். முடிக்க விட்டேனா? மறுநாளே மூட்டை கட்டிவிட்டீர்கள்.

வேலை ஒன்றும் கெடவில்லை. பக்கத்துத் தரையை அளக்கிறோம்.

எல்லோரும் நீங்கள் ஒதுக்கிய வழியில்தான் போய்வருகிறார்கள். என் முகத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நானும் அதில்தான் நடக்கிறேன். ஒருமுறைகூட இடறவில்லை.

உங்கள்
முன்கோபி