நீ போட்ட டிக், நான் எடுத்த டிக்

இன்று ஐஸ் பக்டரிக்குப் புதுக் கணினி வந்தது. நிரல் எழுதும் மென்பொருளை ஏற்றிவிட்டு அமைப்புகளைத் திறந்தேன். ‘நிரலைத் தனியாக ஓடவிடு’ என்ற வரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி வெறுமையாக இருந்தது. அதில் டிக் போடாமல் நீ ஒரு வரிகூட எழுதமாட்டாய்.

லிங்கநகரில் உன் வீட்டு முன்னறையில், ஒரே கணினியில் மாறி மாறி இருந்து, பக்டரியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பிரித்துக் கொடுக்கும் நிரலை எழுதினோம். தனியாக ஓடவிட்டால், நிரல் இறுகி அசையாமல் நின்றாலும் நாம் எழுதிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பழைய கணினியில் ஒவ்வொரு முறையும் அப்படித் தொடங்கவே அரை நிமிடம் பிடிக்கும். நான் புறுபுறுப்பேன். “அரை நிமிசம் பிந்தினா கப்பலா கவிழப் போகுது? பேசாம இரடி” என்பாய்.

பக்டரி முதலாளி நிரலைப் பார்க்க வந்த அன்று நீ குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாய். அவருக்கு முன்னால் கெட்டித்தனம் காட்ட நினைத்து, டிக்கை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். நிரல் இறுகியது. மென்பொருளும் சேர்ந்து நின்றது. காலையிலிருந்து நீ எழுதி, இன்னும் சேமிக்காமல் வைத்திருந்த பகுதி முழுவதும் போய்விட்டது. அவர் பார்க்க வந்ததே அதைத்தான்.

“இது ஆர்ட பிழை?” என்று கேட்டார். குசினியிலிருந்து வந்த நீ, மறுபடி திறந்த திரையில் அந்தப் பெட்டி வெறுமையாக இருப்பதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் யன்னலைப் பார்த்தேன்.

“என்ட பிழைதான்” என்றாய்.

பொறுப்பான ஆள் வேண்டும் என்று முதலாளி வேலையை எனக்கு மட்டும் தந்தார்.

உன்னில் எனக்கு இன்னும் கோபம். ஒரு நாளாவது என்னை ஏசியிருக்கலாம். நீ காய்ச்சலில் கிடந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிடவென்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். “ஐஸ் நிரல் ஒழுங்கா ஓடுதோ?” என்று கேட்டாய். ஓம் என்றேன். தோடம்பழத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த கிழமை நீ இல்லை.

இன்று அந்தப் பெட்டியில் டிக் போட்டேன். இப்போதெல்லாம் எந்தக் கணினியில் இருந்தாலும் நான் முதலில் செய்வது அதுதான். முதலாளி கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அண்டைக்கு அந்தப் பிள்ளை செய்த குழப்பம் மாதிரி இனி வராதுதானே?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

“வராது முதலாளி” என்றேன். உன் டிக்கைப் போட்ட கையோடு, செத்துப்போன உன் தலையில் இன்னொரு தடவையும் பழியைப் போட்டேன்.