பின்சுவத்துலேருந்து பதினோரு அடி

ஆமாக்கா, கிணத்துத் தண்ணியைக் கெடுத்தது பெயின்ட் ஃபேக்டரிதான்னு போன மெயில்ல அடிச்சு எழுதினது நானேதான். இப்ப இல்லங்கறேன். ஏன்டா மாத்திப் பேசறேன்னு நீ கேட்டது நியாயம்தான்.

தெருவுல இருபத்தொரு கிணத்துலயும் தண்ணி எடுத்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கு கழுவுற திரவம் எவ்வளவு கலந்திருக்குன்னு அளந்தாச்சு. அதை வெச்சு எங்கேருந்து கசியுதுன்னு கண்டுபிடிக்கணும். சாயம் பரவின வாளியைப் பார்த்து முதல் சொட்டு எங்க விழுந்துச்சுன்னு சொல்ற மாதிரி. கம்ப்யூட்டர் கணக்குக்கு ஒரு ஆரம்ப இடம் குடுத்தா, அளந்ததுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பக்கம் குறையுதோ அந்தப் பக்கமா இறங்கிப் போகும், குருட்டு மாடாட்டம். முதல் குழியில விழுந்தா அங்கயே படுத்துக்கும். நான் ஃபேக்டரி வாசல்ல ஆரம்பிச்சேன். அங்கயே படுத்துக்கிச்சு. அந்தப் படத்தை அப்பா தெருவையே கூட்டிக் காட்டினாரு. ஃபேக்டரி மேல குடுத்த மனுவுல முதல் கையெழுத்தும் அவரோடதுதான்.

ஆனா மூணு கிணறு ஒத்துப்போகல. கணக்குப்படி தையக்கார அத்தை கிணறு சுத்தமா இருக்கணும். அவங்களுக்குத்தான் கல்லீரல் கெட்டுக் கிடக்கு. அதனால தெரு முழுக்க நானூறு புள்ளியைக் கண்டபடி தூவினேன். அதுல கொஞ்சமாவது பொருந்தி வந்ததை மட்டும் இறங்க விட்டேன். எல்லாம் ஒரே இடத்துல போய் நின்னுச்சு. நம்ம பழைய லேத் பட்டறை. பின்சுவத்துலேருந்து பதினோரு அடி.

அப்பாகிட்ட சொன்னேன். காலேஜைப் பாதியில விட்டவன் கணக்கை எவன்டா நம்புவான்னாரு. நம்ப வேணாம், பின்சுவத்துலேருந்து பதினோரு அடி தள்ளித் தோண்டிப் பாருங்கன்னேன். எந்த மூலைன்னு நான் சொல்லவேயில்லக்கா. அவர் எழுந்து பட்டறைக்குப் பின்னாடி போய், சரியா என் கணக்கு காட்டின மூலையில நின்னாரு. இரும்புச் சாமான் கழுவின அதே திரவத்தைப் பன்னெண்டு வருஷம் அங்கதான் ஊத்தினாராம். மண்ணு குடிச்சுடும்னு நினைச்சாராம்.

இன்னிக்குப் பத்து மணிக்கு அந்த மனு மேல விசாரணை. ஃபேக்டரியைக் காட்டற படம், பட்டறையைக் காட்டற படம், ரெண்டும் என் பையில இருக்கு. எதைக் குடுக்கப்போறேன்னு அவர் கேக்கல. அவர் வாயைத் திறக்கலன்னா நான் திறப்பேன். ஆனா அவரே சொல்லிடணும்னு மனசு அடிச்சுக்குது.

சாயங்காலம் அவருக்குப் போன் பண்ணு. பட்டறையைப் பத்தி ஒண்ணும் கேக்காதே. சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேளு.

அத்தையும் எங்க வண்டியிலதான் வராங்க. அவங்களுக்கு அப்பா முன்சீட்டைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு. கூப்பிடறாரு. ஃபேக்டரி படத்தைப் பையிலேருந்து எடுத்து வீட்டு மேஜையிலயே வெச்சுட்டு வாடாங்கறாரு.

நான் போகணும்கா.