ஒன்பதாம் எண் சங்குக் காசு

ஜூன் 6, 1999. ஞாயிறு

காலையிலிருந்து மழை. குடைக் கம்பி வளைந்துவிட்டது. கிழக்கேகோட்டை லாட்ஜ் மாடியில் நாணயக் கூட்டம், வழக்கம்போல மாதத்தின் முதல் ஞாயிறு. பதினோரு பேர். பருப்பு வடை ஆறிப்போயிருந்தது.

அப்பாவின் வெள்ளிக் காசை இன்றுதான் முதல்தடவையாகக் கொண்டுபோனேன். அக்ரஹாரத்து ஹோட்டலில் முப்பது வருஷம் இலை எடுத்தவருக்கு முதலாளி தன் கையால் கொடுத்தது. சாகும்வரை சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அனந்தநாராயணன் சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கூட்டத்தின் தலைவர், ரிட்டயர்டு ஆடிட் ஆபீசர். எது அசல், எது போலி என்பதில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"இது வார்ப்பாக்கும், முருகேசா. அச்சுல அடிச்சதில்லே. உங்கப்பாவை யாரோ நன்னா ஏமாத்தியிருக்கா. சாரமில்லே, பரவாயில்லே, போட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காத ஆள் ஒருவராவது உண்டா என்று பார்த்தேன், இல்லை. அதோடு விட்டாரா? அடுத்த மாதம் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: சில காசு வரிசைகளை மட்டும் ஏன் எல்லோரும் விழுந்து விழுந்து சேர்க்கிறார்கள். "நீ ஜெராக்ஸ் கடைக்காரனாச்சே. ஜனங்களுக்கு என்ன வேணும்னு நோக்குத் தெரியாதா?"

இனி இந்த நோட்டில் அவர் அ.நா. முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது.

ஜூன் 9

டோனர் தீரப்போகிறது. மஞ்சள் பேப்பர் இரண்டு கட்டு. குடை ரிப்பேர்.

பேச்சுக்குக் குறிப்பு:

– ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். வீட்டுக்கு ஒன்றாவது பெட்டியில் கிடக்கும். ஒன்று இருப்பவனுக்கு இரண்டாவது வேண்டும்.

– நினைவு நாணயங்கள். சில்லறையோடு சில்லறையாகக் கையில் விழும். செலவில்லாத பைத்தியம்.

– வரிசை ரொம்ப நீளம் கூடாது. முடிக்க முடியாது என்று தெரிந்தால் எவனும் தொடங்க மாட்டான். ரொம்பச் சுலபமாகவும் கூடாது. ஒன்றே ஒன்று இழுத்தடிக்க வேண்டும்.

– அபூர்வமானதை யாரும் தேடுவதில்லை. பட்டியலில் இருப்பதைத் தேடுகிறார்கள். எண் கொடுத்து, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுவிட்டால் போதும். காலிக் கட்டத்தை மனுஷனால் பொறுக்க முடியாது.

கடைசியாக எழுதியதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். சங்கு போட்ட திருவிதாங்கூர்ச் செப்புக் காசை எங்கள் கூட்டத்தில் ஒருத்தரும் சீந்துவதில்லை. என்னிடமே பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.

ஜூன் 14

டின்னைக் கொட்டி லென்ஸோடு உட்கார்ந்தேன். சங்கு மெலிந்தது, தடித்தது, எழுத்து சாய்ந்தது, ஓரம் அகன்றது. பதின்மூன்று வகை தேறின. எல்லாவற்றிலும் சங்குக்குக் கீழே மூன்று புள்ளி.

கடைக் கம்ப்யூட்டரில் பட்டியல் அடித்தேன். பதினான்கு கட்டம். "9. சங்கின் கீழ் புள்ளி இல்லாதது. மிக அரிது."

அப்படி ஒரு காசு கிடையாது. நான் உண்டாக்கியது.

வள்ளி சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்: "என்ன, தனியா இருந்து சிரிக்கிய?" மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

ஜூலை 4, ஞாயிறு

பேசினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. முன் வரிசை உறுப்பினர் தாமஸ் சார் வாட்ச்சைப் பார்த்தார். பட்டியலை ஆளுக்கொன்று கொடுத்ததும் ஹால் மாறிவிட்டது. எல்லோர் கையிலும் பேனா. அப்போதே இரண்டு பேர் டிக் போட ஆரம்பித்தார்கள்.

அ.நா. மாடிப்படி ஏறி வந்த இழுப்பு அடங்காமல் ஆஸ்துமா பஃப் அடித்துக்கொண்டிருந்தார். அதை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "ஒம்பதாம் நம்பரை நீ கண்ணால பாத்திருக்கியோ?"

"ஒரே ஒரு தடவ, சார். நாகர்கோவில்ல ஒருத்தர்ட்ட. கொடுக்க மாட்டேன்னுட்டாரு."

தலையாட்டினார். அப்பாவின் காசை ஓரம் ஓரமாகத் திருப்பிப் பார்த்த மனுஷர், அச்சடித்த காகிதத்தை அப்படியே நம்பிவிட்டார். சந்தோஷமாக இருந்தது. திரும்பும் வழியில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கினேன்.

ஜூலை 22

கரண்ட் இல்லை. மதியம்வரை வேலை நடக்கவில்லை.

சாலை பஜார் பாத்திரக்கடைகளில் பழைய செம்புக் கூடைக்குள் சங்குக் காசு ஒன்றுகூட மிச்சமில்லையாம். தாமஸ் சார் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்துகிறார்: "முருகேசா, ஒம்பது கிட்டியோ?" இப்போது இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் இதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அ.நா. இந்த வாரம் மூன்று தடவை கடைக்கு வந்தார். பதின்மூன்றும் சேர்த்துவிட்டார். "ஆல்பத்தைத் திறந்தா அந்த ஓட்டைதான் கண்ணுல படறது. மத்தது ஒண்ணும் தெரியலே, கேட்டியா." முகம் வற்றிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். தாமஸ் சாருக்கு ஒன்பது கிடைக்கும்போல் இருக்கிறது என்று ஒரு பொய்யையும் கொடுத்தேன். பாதி டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

கூட்டம். வேறு பேச்சே இல்லை. வெள்ளி ரூபாய் கொண்டுவந்தவரை யாரும் கவனிக்கவில்லை, பாவம். அ.நா. பட்டியலை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

வள்ளிக்குப் பல்வலி. கிராம்புத் தைலம்.

செப்டம்பர் 5, ஞாயிறு

அ.நா. ஒன்பதைக் கொண்டுவந்தார்.

சிகப்பு வெல்வெட் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள். "முருகேசன்தான் அசலைப் பாத்தவன். அவனே சொல்லட்டும்."

லென்ஸை வைத்தேன். சங்கின் கீழே புள்ளி இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சன்னமாக அரம் உரசிய கோடுகள். மேலே எண்ணெயும் புகையும் போட்டுக் கருக்க வைத்திருக்கிறார். நிமிர்ந்தேன். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. கண் கெஞ்சியது.

போலி என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அவ்வளவு சீக்கிரம் தீர்க்க எனக்கு மனசில்லை.

"அசலேதான், சார்."

கைதட்டினார்கள். "எங்க கிடச்சுது, சார்? எல்லாரும் கேக்கட்டும், சொல்லுங்க." நெடுமங்காட்டில் ஒரு பாத்திரக்கடை என்றார். பிறகு ஆற்றிங்கல் என்றார். ஆயுசு முழுக்க அடுத்தவன் கணக்கில் பொய் பிடித்தவருக்கு ஒரு பொய்யைச் சொந்தமாகச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன். "விவரமா சொல்லுங்க, சார். அவசரம் ஒண்ணுமில்ல." அப்பா ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 7

மதியம் மூன்று மணி. கடையில் ஆளில்லை. அ.நா. வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான்தான் தேச்சேன், முருகேசா. அரத்தால. என்னோட சொந்தக் காசை. நீ கண்டுபிடிச்சுட்டே, எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னாலே என்னைக் காப்பாத்தினே." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது எனக்குள் ஏதோ இளகியது உண்மை. எல்லாம் நான் கட்டிவிட்டது, சார், அப்படி ஒரு காசே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கேவலம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன், நோக்கு இருக்கற பெருந்தன்மை எனக்கில்லாமப் போச்சே" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நிஜமான ஒம்பது உண்டோல்லியோ?"

"இருக்கு, சார்."

"எங்கே தேடினா கிட்டும்?"

"போனக்காடு தேயிலை எஸ்டேட்ல, கூலிக்காரங்க லயத்துல. ராஜா காலத்துல வந்த நம்ம ஊர் ஆளுங்க. பழைய தகரப் பெட்டி வச்சிருக்காங்க. விதுரா போயி அங்கிருந்து மேல ஏறணும்."

வாயிலிருந்து தானாக வந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அப்படியானால் தப்பைச் சரி பண்ணிவிடலாம் என்றார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு

மழை. மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது.

அ.நா. வீட்டு மாமி போன். "முருகேசன், நாளைக்கு விடியக்காலம்பற மலைக்குக் கிளம்பறேங்கறார். இந்த இழுப்போட குளிர் பட்டாலே ஆபத்துன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுண்டிருக்கார். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறார். நீங்கோ சொன்னாக் கேப்பார். அங்கே அது இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ."

"சொல்றேன், மாமி. பயப்படாதீங்க."

செப்டம்பர் 13

விட்ட மழை திரும்பவும். கடையை ஆறு மணிக்கே திறந்தேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அ.நா. ஏறிவந்தார். மப்ளர், கான்வாஸ் பை, பஃப். நான்கு படி ஏறியதற்கே நெஞ்சு விசில் அடித்தது. அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த என் பட்டியல் ஈரமாகி, ஒன்பதாம் வரியில் கிழிந்திருந்தது.

புதிதாக ஒன்று எடுத்து, நனையாமல் இருக்க லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்.