மாமாவின் மஸ்கட் பேச்சும் என் சர்வரும்

2005 ஜூன் 9, வியாழன்

கத்திரி முடிஞ்சும் வெயில் குறையல. சிட்லபாக்கம் ஏரிப் பக்கம்கூட காத்து இல்ல. பையனை ஸ்கூல் வேன்ல ஏத்திட்டு நேரா கம்ப்யூட்டர் முன்னாடி.

அவன் பிறந்தப்ப விட்ட வேலை. பழைய ஆபீஸ் லதா நேத்து போன்ல: "இப்ப எல்லாம் வெப் அப்ளிகேஷன்தான்டி. சனிக்கிழமை வர்றேன், ஒரு பேஜ் ஓட்டிக் காட்டு. வீட்லேர்ந்தே செய்யற வேலையா வாங்கித் தர்றேன்."

ஏத்த வேண்டியது: சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ். வீட்டு நெட் ஆமை வேகம்கறதால மூணும் பிரௌசிங் சென்டர்ல சி.டி.யில வாங்கியாச்சு.

ஜூன் 10, வெள்ளி

டேட்டாபேஸ் ஓ.கே. சர்வர்தான் கிளம்ப மாட்டேங்குது. அது வந்துபோற வாசல், 80ஆம் நம்பர் போர்ட்டை, வேற ஏதோ பிடிச்சு வெச்சிருக்காம். அழிச்சிட்டு மறுபடி ஏத்தினேன். அதே பல்லவி. சாம்பார் அடிப்பிடிச்சதுதான் மிச்சம். கொஞ்சம் அழுகையும். எல்லாமே மறந்துபோச்சா எனக்கு?

நடுவுல மாமனார். மஸ்கட்ல இருக்கற மகளோட தினம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் பேசுவார். பேசிட்டு எதையும் மூடாம அப்படியே எழுந்து போறவர், இன்னிக்கு என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "மூடிட்டேம்மா, நீ பாரு"ன்னார்.

சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் கொடுத்தேன். ஓடுது! 80ல உட்கார்ந்திருந்தது அவரோட பேசற சாஃப்ட்வேர்.

விஷயத்தைச் சொன்னதும் மாமா முகம் சுருங்கிடுச்சு. "அதை எடுத்துடும்மா. நான் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்க்கறேன்."

எடுப்பேனா? சர்வர் செட்டிங்ல 80ஐ 8080 ஆக்கினேன். ரெண்டும் சேர்ந்து ஓடுது. மாமா உடனே மஸ்கட்டுக்கு: "உன் அண்ணி நம்பரை மாத்திட்டாம்மா!" அங்க என்ன புரிஞ்சுதோ.

ஜூன் 11, சனி

லதா வந்தா, கரண்ட் போச்சு. காபி, முறுக்கு, பழைய மேனேஜர் கதை, மறுபடி காபி. அவ செருப்பு மாட்டறப்ப ஃபேன் சுத்திச்சு. கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்தேன்.

நான் எழுதி வெச்சிருந்தது பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பேஜ். அவளே அடிச்சா. பெயர்: லதா. பிரச்சனை: கடவாய்ப்பல். சேவ். அடுத்த பக்கத்துல பளிச்சுன்னு அவ பேர்.

"வயசு போடவே இல்லை, ஏத்துக்கிச்சே?"

"அது... செக் பண்ண விட்டுட்டேன்."

"பொம்பளை எழுதின சாஃப்ட்வேர், வயசு கேக்காது!" ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல மாமா எட்டிப் பார்த்தார். அப்புறம் லதா சீரியஸா, "அதைச் சரி பண்ணிடு. திங்கட்கிழமை முதல் வேலை அனுப்பறேன்."

திங்கட்கிழமை!

ஜூன் 12, ஞாயிறு

வீட்டுக்காரர் ரவி நைட் ஷிஃப்ட் முடிச்சு சிங்கப்பெருமாள் கோவில் ஃபேக்டரிலேர்ந்து வர லேட். வாசல்ல வண்டிச் சத்தம். பின்சீட்ல கயிறு போட்டுக் கட்டின சுழல் நாற்காலி. தாம்பரத்துல ஒரு பழைய சாமான் கடையாம். நாற்காலிக்கு ஒரு கை ஆடுது.

"எதுக்குங்க இது?"

"ரெண்டு நாளா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடக்கற. கேட்டா ஒண்ணுமில்லைம்ப."

மாமாதான் முதல்ல உட்கார்ந்தார், ஒரு சுத்து. அப்புறம் பையன். இறங்கவே மாட்டேன்னு அழுகை.

அப்புறம் நான். மூணு சுத்து.