ஐந்து நாட்டு விருந்தாளிகள்

புதன்

விடிய விடிய மழை. ரப்பர் மரம் நனைந்ததால் பால்வெட்டு இல்லை. துணி காயவில்லை.

ஞாயிறு மதியம் ஆயாக்கொட்டகையில் உலகக் கவிதை விழா. வெட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகை. அன்று லீவு, தொட்டில் எல்லாம் காலி. தோட்டப் பள்ளி சூசை வாத்தியார் இங்கிலீஷ் பத்திரிகைகளில் வந்த கவிதைகளைத் தமிழாக்கி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஐந்து நாடு, ஐந்து கவிதை. எழுதினவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களாம். எனக்கு ஆச்சரியம். செத்தால்தான் கவிஞர் என்று நினைத்திருந்தேன்.

என் பங்கு சீனத்துப் பெண். வாத்தியார் கையெழுத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்தால் விழா தீபாவளி வரை போகும். அதனால் மனப்பாடம். வெட்டும்போதே மரத்துக்கு ஒரு வரி. என்னுடையது முடிந்தும் மரம் மிச்சம் இருந்தது. மற்ற நாலையும் போட்டுவிட்டேன்.

வாங்க: உப்பு, மண்ணெண்ணெய், சிவப்பு ரிப்பன். நாற்பத்தாறு வயதில் ரிப்பனா என்கிறார் வீட்டுக்காரர். பொறாமை.

வியாழன்

வெயில். விழாவுக்கு அனுமதி கேட்க ஆபீஸ் குமாஸ்தா கிராணியிடம் போனேன்.

கிராணி: "யார் யாரு வர்றாங்க, எந்த ஊரு, என்ன வேல, எல்லாம் எழுதிக் குடு. வெளியாளுன்னா கண்டிப்பா எழுதணும்."

நானே எழுதினேன், என் கையால். திருவிழா நோட்டீஸில் அம்மன் எழுந்தருள்வதைத்தானே முதலில் போடுவோம்? பந்தல் போட்டவன் பேர் அப்புறம்தானே? அந்த முறைப்படி கவிஞர்களை மேலே போட்டேன். மெக்சிகோக்காரர், சுரங்க வேலை. கிரேக்கர், மீன் பிடிப்பு. ஜப்பான்காரர், ரயில் வேலை. ஜாவாக்காரர், தையல். சீனப் பெண், துணி துவைப்பு. கீழே எங்கள் லயத்து வீடுகளின் ஆட்கள்.

கிராணி படிக்காமலே முத்திரை குத்தினார். மகாராசன்.

வெள்ளி

போலீஸ். இரண்டு லோரி. எங்கள் லயத்துக்கு! நேற்றுக் கொடுத்த பட்டியல் ஸ்டேஷன் வரை போயிருக்கிறது.

மெக்சிகோக்காரரை என் கோழிக்கூண்டில் தேடினார்கள். அரிசிப் பானைக்குள் கம்பி விட்டுக் குத்தினார்கள். சார்ஜன் மலாயில் கத்த, கிராணி தமிழில் கத்தினார்.

"எங்க அந்தச் சீனப் பொம்பள? காட்டுலேருந்தா வர்றா, கம்யூனிஸ்ட்டா?"

"சீனாவுல இருக்காங்கய்யா."

"கம்பிவேலிக்குள்ள எப்ப வந்தா?"

"போன மாசம் லா. வாத்தியார் நோட்டுல."

லயமே சிரித்தது. சிரிக்க வைத்தது என் தப்பு. நேராகப் பள்ளிக்கூடம் போய் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கோழி மூன்று நாள் முட்டை போடாது.

சனி

மப்பு. விழா ரத்து. தோட்ட மேனேஜர் துரை, வாத்தியாரைக் கூப்பிட்டு, இன்னொரு கூட்டம் என்றால் வேலை இல்லை என்றாராம். நோட்டு திரும்பி வராதாம்.

வாத்தியாரைப் பார்க்கப் போனேன். "வேற பிரதி இல்லக்கா. பத்திரிகைய எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன்." ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

யாரைக் கொன்றது அந்த நோட்டு? துணி துவைக்கிறவள் பாட்டில் துப்பாக்கி இருக்கிறதா? காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று வெட்டுக்குப் போக ஒரு பிடி சோறு கூடாது, தேத்தண்ணிக்குச் சீனி கூடாது, பொறுத்தோம். இப்போது வாய்க்கும் பூட்டா? கொதிக்கிறது.

ஞாயிறு

வெயில், விழா நாள் மாதிரியே. கொட்டகை பூட்டு. ரிப்பன் பெட்டிக்குள்.

மனதில் இருக்கும் ஐந்தையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வரிதான் ஆனது. வீட்டுக்காரர்: "எழுதுனா அதயும் தூக்கிட்டுப் போவான். வாயில வச்சிக்க." இருபத்தெட்டு வருசத்தில் இவர் சொன்ன முதல் உருப்படியான பேச்சு.

திங்கள்

பனி. ரிப்பன் கட்டிக்கொண்டு போனேன்.

வெட்டுக்குப் போகும் வாசலில் தினம் போலச் சோதனை வரிசை. பெண்கள் அறுபது பேர். மடியில் அரிசி இருக்கிறதா என்று சோதனைக்காரி மேரி தடவிப் பார்க்கும் வரை நிற்கத்தானே வேண்டும்? பின்னால் இருந்தவளிடம் மெக்சிகோவைத் தொடங்கினேன்.

பூமிக்குள் இறங்கும்போது
என் பெயரை மேலே மாட்டிவிட்டுப் போகிறேன்.
ஏறி வந்து எடுத்தால்
அது எனக்குச் சின்னதாகிவிட்டது.

அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். வால் வரை போனது. பிறகு கிரேக்கம். ஜப்பான். ஜாவா.

கிராணி ஓடி வந்தார். "என்னா கூட்டம் அங்க?"

"கூட்டமா? நீங்க நிக்கச் சொன்ன வரிசதானே லா! வேணாம்னா சொல்லுங்க, கலைஞ்சி போயிடுறோம்."

திரும்பிப் போனார்.

எதிரே பள்ளிக்கூட வாசலில், காதுக்கு எட்டும் தூரத்தில் வாத்தியார். கையில் புது நோட்டு. ஜாவாவில் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டேன் போல. இல்லை இல்லை என்று தலையாட்டினார். திருத்திச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

என் முறை வந்தபோது சீனப் பெண்ணில் இருந்தேன்.

கழுவக் கழுவ அழுக்குப் போகிறது,
சட்டையில் உன் தோள் மட்டும் போகவில்லை.

மேரி தூக்குச்சட்டியைத் திறந்தாள், மூடினாள். இடுப்பைத் தடவினாள். "ஒண்ணுமில்ல. போ." நான் இரண்டு எட்டு வைத்ததும் மெதுவாக, "அக்கா, அந்தச் சட்டய வெயில்ல போட்டாளா இல்லியா?"

"நாளைக்கி நல்லா நிதானமா சோதன பண்ணு, சொல்றேன்."