தடங்கல் ஏதாவது இருக்கா?

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? என் மேலுதட்டைத் தவிர மற்றதெல்லாம் இங்கே சௌக்கியம். பயப்படாதீர்கள், தையல் போட்டாயிற்று.

எங்கள் மென்பொருள் குழு தினமும் காலையில் நின்றபடியே ஒரு கூட்டம் போடும். "தடங்கல் ஏதாவது இருக்கா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, இருந்தால் நீக்கித் தருவதுதான் ஸ்க்ரம் மாஸ்டரான என் வேலை. என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் புராடக்ட் ஓனர். செவ்வாய்க்கிழமை அவர், முடித்த வேலையை மறுபடியும் மாற்றச் சொன்னார். நான் வழக்கம்போல அந்த வேலையை முடித்திருந்த புரோகிராமரிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

"இந்த ஆளுதான் தடங்கல்!" என்று கத்தியவர், ஓனரின் மூக்கிலேயே ஓங்கிக் குத்தினார். ரத்தம் வழிய வழிய ஓனர் நாற்காலியைத் தூக்கி வீசினார். நடுவில் பாய்ந்த என் உதட்டை அதன் கால் கிழித்துவிட்டு, பின்னாலிருந்த கண்ணாடிச் சுவரை நொறுக்கியது. விலக்கப் போனவனுக்குத்தான் அடி அதிகம் என்பீர்களே, சரிதான்.

மறுநாள் அந்த இருவரும் வரவில்லை. மற்றவர்கள் ரத்தக்கறையைச் சுற்றி நின்றார்கள். அதே கேள்வியைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்கள்.

அம்மாவிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள். என் பழைய போர்வையை அனுப்புங்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் கேளுங்கள் அப்பா. இங்கே என்னை யாரும் கேட்பதில்லை.

உங்கள் மகன்